மணி கேட்காத காலை

சுவிஸ் படை மலை தாண்டி இறங்கி, இத்தாலிய மொழி பேசும் பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவந்த காலம். ஒருநாள் விடியலில், உப்பு ஏற்றிவந்த கழுதைக்காரன் பெர்த்ராமோ படைத்தலைவன் ஹெய்னியிடம் சிக்கினான்.

"கீழூருக்கு வழிகாட்டு. நாங்கள் வருவது ஒருவர் காதிலும் விழக்கூடாது. விழுந்தால் உன் தலை உருளும்."

கீழூரில்தான் பெர்த்ராமோவின் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். அவன் தன் கழுதைகளைத் திரும்பிப் பார்த்தான்.

"கழுதைகளின் கழுத்துமணி, ஐயா?"

"அதையும் கேட்க வேண்டுமா, மடையா? வைக்கோலைத் திணி."

திணித்தான். பிடரியில் கோடரி முனை உரச, சத்தமின்றி இறங்கினார்கள்.

ஊரில் அடுப்புகள் சூடாக இருந்தன. ஆளும் இல்லை, மாடும் இல்லை.

"யாரடா சொன்னது?" ஹெய்னி கோடரியை ஓங்கினான்.

பெர்த்ராமோ சொன்னான்: "யார் காதிலும் எதுவும் விழவில்லை, ஐயா. தினமும் பால் கறக்கும் நேரத்தில் என் மணி கேட்கும். கேட்காவிட்டால், மேலே ஏதோ ஆபத்து என்று காட்டுக்குள் போய்விடுவது இவர்கள் வழக்கம். வைக்கோல் திணிக்கச் சொன்னது தாங்கள்தானே."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். தன் கட்டளைக்கே தண்டனை கொடுக்க ஹெய்னியால் முடியவில்லை. ஓங்கிய கோடரியை வெட்டாமலே தாழ்த்தினான்.

கடைசிச் சிப்பாயும் கண்ணுக்கு மறைந்த பிறகே பெர்த்ராமோ வைக்கோலைப் பிடுங்கினான். மணி அசைந்தது. காட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது.