பிரிக்காத கடிதம்

“நானும் தொண்டை கிழியக் கத்துறேன் டீச்சர். ஒரு பிள்ளையாவது பாடத்தைப் படிக்குதா?”

ஆறாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் திருமேனி, தலைமையாசிரியை ஞானசௌந்தரியிடம் புலம்பினார். புலம்பல் ஒன்றும் புதிதில்லை.

“எப்படி நடத்துறீங்க சார்?”

“முதல்ல வினா விடையைப் பலகையில எழுதிப் போட்டுடுவேன். அப்புறம்தான் பாடம்.”

“விடையையுமா?”

“பின்னே? பரீட்சைக்கு வேணுமே!”

டீச்சர் மேசை டிராயரைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. மேலே திருமேனி பெயர்.

வகுப்பே வேண்டாம், அலுவலக வேலை கொடுங்கள் என்று வாத்தியார் போன மாதம்தான் அங்கே எழுதிப் போட்டிருந்தார்.

கையை நீட்டினார். டீச்சர் கொடுக்கவில்லை.

“உள்ள என்ன இருக்கும்?”

“எனக்கெப்படித் தெரியும்? கொடுங்க, படிச்சுப் பார்த்துடறேன்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“கிடைச்சிருக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “கிடைச்சிருக்காது. ஐயோ, கொடுங்களேன் டீச்சர்! நெஞ்சு அடிச்சுக்குது.”

“கொடுத்தா ஒரு வரி விடாம படிப்பீங்களா?”

“ரெண்டு தடவை படிப்பேன்!”

டீச்சர் உறையை அவர் கையில் வைத்தார்.

கிழிக்கப் போனவர் சட்டென்று நின்றார். உறையையே பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு அதைப் பிரிக்காமலே வகுப்புக்கு நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார்.

பலகையில் இருந்த வினா விடையை அழித்தார்.

“உங்களை விட்டுப் போறேன்னு ஆபீசுக்கு எழுதியிருந்தேன். பதில் இதுக்குள்ள இருக்கு. என்னவா இருக்கும்?”

தூங்கி வழியும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது.

“போகச் சொல்லியிருப்பாங்க!”

“விடமாட்டாங்க சார்!”

“பிரிங்க சார், சீக்கிரம்!”

“நான் படிக்கிறேன் சார்.”

சொன்னது பவளக்கொடி. வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை.

வாத்தியார் உறையைப் பிரித்து, காகிதத்தைப் பார்க்காமல் அவளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டினாள்.

“தங்…கள் விண்…ணப்பம்…”

அடுத்த சொல்லில் திக்கினாள். எடுத்துக் கொடுக்க வாத்தியாருக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அவருக்கும் அது தெரியாதே! வகுப்பு மூச்சு விடவில்லை.

“ஏற்…கப்…பட…வில்லை.”

“அப்பாடா!”

முதலில் சொன்னது வாத்தியார்தான்.