காலியாக விட்ட கட்டம்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. இந்தக் குருவுக்கு இருபத்தொன்பது வயது. பெயர் சுலோச்சனா. கோயம்புத்தூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடன் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். நவநீதன், மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்பு கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை. ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வகுப்புக்கு மூன்று மாதமாக வந்துகொண்டிருக்கிறான். பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவன் ஓட்டினால் அதற்குத்தான் வேலை அதிகம்.

ஓட்டத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டர் முகத்தைப் பார்த்து, "போலாமுங்களா?" என்று கேட்பான். அதற்குள் பின்னால் நாலு ஹாரன் அடித்திருக்கும்.

அன்றைக்கு மதியம் கையில் ஒரு ஃபார்மோடு வந்தான். பிடித்திருந்த இடம் வேர்வையில் நனைந்திருந்தது.

"மாஸ்டர், இன்னைக்கு நாலு மணியோட கடைசி."

"எதுக்குங்க?"

"மேல் படிப்புக்கு. வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் படிக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேனுங்க."

"நல்ல விஷயம். என்ன படிப்பு?"

"அதுதான் தெரியல."

மாஸ்டர் சிரிக்கவில்லை. நானாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் ஃபார்மை வாங்கிப் பார்த்தார். பெயர், பிறந்த தேதி, பட்டம், மதிப்பெண் எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. பாடப்பிரிவு என்ற கட்டம் மட்டும் காலி. எந்தப் பட்டம் வாங்கியவரும் எதில் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் ஒன்றைத்தான் எழுதலாம் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

"மேனேஜர் எம்.பி.ஏ. படிங்கறார். அப்பா கம்ப்யூட்டர் பக்கம் போயிருங்கறார். மச்சான் டேட்டா சயின்ஸை விட்டா வேற பொழப்பே இல்லைங்கறான்."

"வீட்ல?"

"உங்க இஷ்டம்னு சொல்லிட்டா. அதுதான் இருக்கறதுலயே பயமா இருக்குது."

"உங்களுக்கு என்னதான் தோணுது?"

"தப்பாப் போயிருமோன்னு தோணுது மாஸ்டர். ஒரு தடவை தப்பா ஏறி இத்தனை வருஷம் போச்சு. முப்பத்தொண்ணு ஆச்சுங்க. இதுவும் தப்பாப் போனா திரும்பி வர வேலையும் இருக்காது. ஒரு வாரமா சோறு எறங்கல. நீங்க ஒண்ணு சொல்லுங்க. அதையே எழுதிடறேன்."

மாஸ்டர் ஃபார்மைத் திருப்பிக் கொடுத்து, "வண்டியை எடுங்க" என்றார்.

எடுத்தான். இடது பக்கம் என்றார், திரும்பினான். அதற்கு முன் போலாமுங்களா என்று கேட்டான். வலது என்றார், அதற்கும் கேட்டான்.

"மெக்கானிக்கல் யாருங்க எடுத்தது?"

"மாமா. பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய் அவரே எல்லாத்தையும் போட்டுட்டார். நான் பக்கத்துல நின்னேன்."

"நாலு வருஷம் பஸ்ல தொங்கிட்டுப் போனதும் அவருதானா?"

"அது நாந்தானுங்க."



"கம்பெனில பம்பு புடிக்குமா?"

"பழகிப்போச்சு. புடிக்குமான்னா..." அவன் யோசித்தான். "அங்க கந்தவேல் அண்ணன்னு ஒருத்தர். லேத்துல கை மாட்டிருச்சு. கை ஆறிருச்சு, ஆனா மனுஷன் மிஷின் பக்கம் வரவே மாட்டேன்னுட்டார். கிட்ட வந்தாலே ஒடம்பு நடுங்கும். எல்லாரும் நாடகம்னாங்க. நான் தினமும் சாப்பாட்டு நேரத்துல அவர் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். மொதல்ல சும்மா பேசினோம். அப்புறம் மிஷின்ல இருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். அப்புறம் அஞ்சடி. நாப்பதாவது நாள் அவரே சுவிட்சைப் போட்டார் மாஸ்டர்! அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்..."

இதைச் சொல்லிக்கொண்டே லாலி ரோடு சிக்னலில் வண்டியை அழகாகத் திருப்பினான். போலாமுங்களா என்று கேட்கவே இல்லை. மாஸ்டர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

"இங்க நிறுத்துங்க."

நிறுத்திய பிறகுதான் பார்த்தான். ஃபார்மில் பெயர் போட்டிருந்த காலேஜின் வாசல். மணி மூன்று பத்து.

"மாஸ்டர், நேரமாச்சு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"குடுங்க."

ஃபார்மை மடியில் வைத்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவன் கும்பிடாத குறையாக வாங்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அது படித்துப் பார்க்கும் வரைக்கும்தான்.

"வரலாறா?"

"ஆமாங்க."

"நான் எப்பங்க வரலாறுன்னு சொன்னேன்?"

"நீங்க சொல்லல. எனக்குத்தான் ரொம்ப நாளா ஆசை. பி.காம்.ல ரெண்டு அரியர், அதோட நின்னுபோச்சு. நீங்க என்னைத்தானே கேட்டீங்க?"

கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். மை இழுபட்டு இன்னும் மோசமானது. அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பங்கள் ஏற்கப்படா என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கத்தினான்.

"என்ன மாஸ்டர் இப்படிப் பண்ணிட்டீங்க! வேலையை விடப்போறது நான். சின்னப் பசங்களோட பெஞ்சுல உட்காரப்போறது நான். அதுல சைக்காலஜின்னு எழுதத்தான் மூணு வாரமா அந்தக் கட்டத்தைக் காலியா வச்சிருந்தேன்!"

சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போனான்.

மாஸ்டர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

"கவுண்டர் நாலு மணி வரைக்கும் இருக்குது. கேட்டா வேற ஃபார்ம் குடுப்பாங்க" என்றார். பிறகு கேட்டார்: "சைக்காலஜின்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?"

நவநீதன் கதவைத் திறந்து இறங்கி, கவுண்டரைப் பார்த்து நடந்தான்.