காஞ்சொறி வாயை மூடிக்கொண்டது

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் வாய் இருந்தது. இன்று தொட்டால் தீயாய் எரிகிற காஞ்சொறிக் கொடி அப்போது கன்றுக்குட்டியின் காதைப் போல மெத்தென்று இருந்தது. காட்டில் யாருக்கு இருமல், காய்ச்சல் என்றாலும் அதனிடம்தான் போவார்கள்.

போனவுடன் இலையைப் பறித்துவிட முடியாது. ராத்திரி தூங்கினாயா, என்ன தின்றாய், உனக்குச் சூட்டு உடம்பா குளிர்ந்த உடம்பா என்று அது விசாரிக்கும். பிறகுதான் யானைக்கு ஒரு கொத்து, அணிலுக்கு ஒரு நுனி என்று அளவு சொல்லும். சிலரிடம், உனக்கு நான் ஆகமாட்டேன், ஆடாதொடைச் செடியிடம் போ என்று அனுப்பிவிடும். அப்படி ஆள் பார்த்து மருந்து கொடுத்ததற்கு அதற்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள்.

கருவாயன் என்று ஒரு கடுவன் குரங்கு இருந்தான். அடைமழையில் காடே இருமிய ஒரு வருஷம் அவன் வைத்தியன் ஆனான். காஞ்சொறி இலையை உருவி, இடித்துப் பிழிந்து, ஒரு பாறைக்குழியில் நிரப்பினான். வந்தவருக்கெல்லாம் ஒரே தொன்னை, ஒரே அளவு. கேள்வி கிடையாது. வேண்டாம், வேண்டாம் என்று கொடி கத்திப் பார்த்தது. யாரும் காது கொடுக்கவில்லை. செடி முன்னால் நின்று எவன் பதில் சொல்லிக்கொண்டிருப்பது என்றது காட்டெருமை. பலருக்கு இருமல் நின்றது. அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

பூங்காள் என்ற புள்ளிமானும் இருமிக்கொண்டே வந்தாள். அவள் சினையாக இருந்தாள். முன்பு இரண்டு குட்டி தங்கவில்லை. இதுவாவது நிற்கட்டும் என்று பூமிக்கு நோகாமல் அடி வைத்து வந்தாள். குழியோரம் படர்ந்திருந்த காஞ்சொறி பதறியது.

"டேய் கருவாயா, அவள் வயிற்றில் குட்டி இருக்கிறது. நான் சூடு. அவளுக்கு என்னைக் கொடுக்காதே."

"மருந்து குடிப்பதற்கு, பேசுவதற்கு இல்லை" என்றான் குரங்கு. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நீ குடி தாயி. இதைக் குடித்துத்தான் அந்த யானையே எழுந்து நடக்கிறது."

பூங்காள் யானையைப் பார்த்தாள். குடித்தாள். மறுநாள் குட்டி கலைந்துபோனது.

ஓடைக்கரையில் காடு கூடியது. யானைக்குக் கேட்ட மருந்து இவளுக்கு ஏன் கேட்கவில்லை, என் தொன்னையில் குறை இல்லை, கொடியில்தான் விஷம் என்று கருவாயன் கை கழுவினான். எல்லோர் முன்னாலும்தானே தடுத்தேன் என்றது காஞ்சொறி. தன் இலையால் எத்தனையோ முறை பிழைத்த முள்ளம்பன்றியைச் சாட்சிக்குக் கூப்பிட்டது.

"எனக்கு அன்றைக்குக் காதடைப்பு" என்றது முள்ளம்பன்றி.

காட்டெருமை அசைபோட்டுக்கொண்டே இருந்தது. யானை தண்ணீர் குடிக்க நழுவிவிட்டது. பூங்காள் மட்டும், அது சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்றாள். குட்டியைப் பறிகொடுத்தவள், புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று அவளை உட்கார வைத்தார்கள். கொடியை வேரோடு பிடுங்குவதாகத் தீர்ப்பானது.

காஞ்சொறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. "கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். அது உங்களுக்குத் தொல்லையாகிவிட்டது. இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். வந்து தொடுங்கள்."

அதோடு வாயை மூடிக்கொண்டது. விழுங்கிய வார்த்தை அத்தனையும் இலையிலும் தண்டிலும் சுணைமுள்ளாக முளைத்துக் குத்திட்டு நின்றது. கருவாயன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அலறிக்கொண்டு மரமேறினான். அவன் வம்சம் இன்னும் சொறிந்து முடிக்கவில்லை. நடந்த அநியாயத்தைப் பார்த்த மற்ற மூலிகைகளும் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் செடி கேட்ட கேள்விகளை வைத்தியர் நாடி பிடித்து ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று முதல்தான் காஞ்சொறியும் தொட்டவரைச் சுடுகிறது. பூங்காளைத் தவிர ஒருவரும் இதுவரை அதனிடம் போய், தப்பு எங்களுடையது என்று சொல்லவில்லை. அதுவும் சுடுவதை நிறுத்தவில்லை.