பேட்டரி நிறைந்த பகல்

மலையில் மண் சரிந்தது. அடிவாரத்திலிருந்து வந்த மின்கம்பங்களும் பாதையும் ஒன்றாகப் போய்விட்டன. மேலே இருந்த ஆசிரமத்துக்கு மிஞ்சியது கூரைமேல் சோலார் தகடுகள், ஒரு வரிசை பேட்டரி, ஒரு ஜெனரேட்டர், அதற்கு ஒரு கேன் டீசல். கூடவே, பச்சையம்மாளின் மூச்சு.

பச்சையம்மாள் பக்கத்து ஊர்க்காரி. நுரையீரல் கெட்டுப்போனவள். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும். ஊரில் மின்சாரம் போனதும் மெஷினோடு அவளை ஆசிரமத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பாதை திறக்கும்வரை அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வழியில்லை.

குரு மரகதவல்லி அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊராரோடு பாதையைச் சீராக்கப் புறப்பட்டார். போகும்போது தணிகாசலத்தைக் கூப்பிட்டார்.

"பச்சையம்மா உங்க பொறுப்பு."

"சரிம்மா."

தணிகாசலம் சீடர்தான். ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். ஒரு அனல்மின் நிலையத்தில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். நீராவி டர்பைனைச் சுழற்றும், மின்சாரம் வரும். கரி தீர்ந்தால் எல்லாம் நிற்கும். அதனால் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போன் போட்டு, இன்னும் எத்தனை நாளுக்குக் கரி இருக்கிறது என்று கேட்டுவிடுவார். இன்றைக்கு எரிக்காத கரி நாளைக்கும் அங்கேயே கிடக்கும். அந்த ஒரு கணக்கை வைத்தே காலத்தை ஓட்டியவர். இவர் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தாலும் உள்ளே கரிக்குவியலைத்தான் அளந்துகொண்டிருப்பார் என்று மற்ற சீடர்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் முக்கால்வாசி உண்மை.

மறுநாள் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. மெஷின் கீச்சென்று கத்தியது. தணிகாசலம் விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஜெனரேட்டரைப் போட்டார். வெளிச்சம் வருவதற்குள் கேனில் பாதி காலி. பச்சையம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆகி, டீசலும் இல்லாவிட்டால்?

காலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். மிக்ஸியை நிறுத்தினார். சமையலறை விளக்கைக்கூட விடவில்லை. வெயில் ஏற ஏற பேட்டரியும் ஏறியது. உச்சிப்பொழுதில் மீட்டர் நூறு காட்டியது.

அப்போதாவது மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம். சாப்பாடு இறங்கவில்லை. வானத்தைப் பார்த்தார். ஒரு துணுக்கு மேகம் இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை நல்ல வெயில் எத்தனை நேரம் நிற்கும்? திடீரென்று மூடிக்கொண்டால்? இருட்டும்போது நூறு தொண்ணூறாகியிருந்தால்?

பச்சையம்மாளின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கட்டுமா? ராத்திரிக்கு முழுசா இருக்கணும்."

"நீங்க படிச்சவரு. உங்களுக்குத் தெரியாததா. நிறுத்துங்க."

நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் அவளால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போனது. தணிகாசலம் விசிறியால் வீசினார். நடுவில் எழுந்து ஓடி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். நூறு. மறுபடி வீசினார். மறுபடி ஓடினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. உனக்காகத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். பேச மூச்சு இல்லை. அவர் இன்னும் வேகமாக வீசினார். ஆனால் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

அந்த நேரத்தில், கடப்பாரை எடுக்க மரகதவல்லி அம்மா திரும்பி வந்தார். உடம்பெல்லாம் சேறு. வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷின் சத்தம் கேட்கவில்லை.

"கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"பேட்டரி?"

"நூறு இருக்கும்மா. ஒரு புள்ளி இறங்க விடலை."

அம்மா உள்ளே வந்தார். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். குழாயைப் பச்சையம்மாளின் மூக்கில் சரியாக வைத்தார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, அவள் தானாகச் சாயும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார். "வாங்க. பேட்டரியைப் பாப்போம்."

இருவரும் மீட்டருக்கு முன்னால் நின்றார்கள். தணிகாசலம் கண் இமைக்காமல் பார்த்தார். நூறு அசையவில்லை. தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தைக் காட்டும் எண் மட்டும் விறுவிறுவென்று ஏறியது.

"குறையலையே," என்றார் அம்மா.

"குறையாதும்மா. வெயில் அடிக்கிற வரைக்கும் மெஷின் நேரா அந்த வெயில்லயே ஓடும்."

"இது இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"முன்னாடியே தெரியும்."

"பேட்டரியும் நெறஞ்சாச்சு, மெஷினும் ஓடலைன்னா, மேல விழற வெயில் என்ன ஆகும்?"

"பேட்டரிக்கு கரண்ட்டை அளந்து விடற கன்ட்ரோலர் அதை வாங்காது. தகடு சும்மா சுட்டுக்கிட்டுக் கெடக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. அவர் படிப்புக்குத் தெரிந்திருந்தது அவர் பயத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மேகம் வந்துட்டா என்ன பண்றதுன்னு..."

"வந்தா வரட்டும். வந்தப்புறம் பேட்டரியில ஓட்டுங்க. அதுவும் போனா டீசல் இருக்கு. எரிக்காத டீசல் எங்கயும் போகாது."

"ராத்திரி வருமேம்மா. மெஷின் மறுபடி கத்தினா? பயப்படாம எப்படி இருக்கறது?"

அம்மா மீட்டரை விட்டுத் திரும்பினார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். தணிகாசலமும் பின்னாலேயே போனார். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் வியர்வை இன்னும் காயவில்லை. மார்பு நிதானமாக ஏறி இறங்கியது.

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மத்தியானம் இவங்க விடாத மூச்சை ராத்திரிக்கு சேத்து விட்டுக்க முடியுமா, தணிகாசலம்?"