மருதமடு மசோதா

மருதமடுவில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

நான்கு மாதமாக மழை இல்லை. மருதவாரைக் காட்டின் மற்ற சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. எல்லா விலங்குகளும் அந்த ஒரே மடுவுக்குத்தான் வந்தன. தாகம் எடுத்தவர்கள் குடித்தார்கள். உடம்பு எரிந்தவர்கள் குளித்தார்கள். காட்டுப்பன்றிகள் நாள் முழுக்கப் புரண்டன. தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துவிட்டதுபோல் ஆயிற்று. அதைக் குடித்து, கவையன் என்ற மிளா மானின் தங்கையான சின்னக் கன்று வயிற்றுப்போக்கில் துவண்டு படுத்துவிட்டது.

கவையனுக்குப் பொறுக்கவில்லை. பெரிய கொம்பும் பெரிய குரலும் உள்ளவன் அவன். காட்டு அவை கூடிய அன்று ஒரு மசோதா கொண்டுவந்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று கரையோர ஈரமண்ணில் கொம்பு நுனியால் எழுதியும் வைத்தான். இரண்டே வரி.

'மருதமடுவில் இனி யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தவர் காட்டை விட்டே வெளியேற வேண்டும்.'

அவை ஆரவாரம் செய்தது. அங்கேயே, அப்போதே சட்டமாக்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் மருதவாரையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மசோதாவும் முதலில் நால்வர் குழுவுக்குப் போக வேண்டும். குழு மூன்று நாள் உட்கார்ந்து வரிவரியாக ஆராயும். யாருக்கு என்ன குறை இருந்தாலும் அங்கே வந்து சொல்லலாம். குழு திருத்திக் கொடுத்த பிறகுதான் அவையில் வாக்கெடுப்பு. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் மசோதா குழுவை விட்டு வெளியே வரவில்லை என்றால் அது செத்துப் போனதாகக் கணக்கு.

"இரண்டு வரியில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கவையன் முணுமுணுத்தான்.

குழுவின் தலைவர் கல்லப்பன் என்ற ஆமை. மற்ற மூவர் பன்றி மூக்காயி, நரி இனியன், சருகுமான் தும்பை. சருகுமான் முயல் அளவே இருக்கும் சின்ன மான். தும்பை அதிகம் பேச மாட்டாள். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள்.

முதல் நாள் காலை குழு கூடியது. கல்லப்பன் வழக்கம்போல் மடுவில் நின்றபடி, கழுத்தை நீட்டி, முதல் வரியை வாசித்தார். பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"நான் பிறந்ததே இந்தத் தண்ணீரில்தான். இது சட்டமானால் முதல் குற்றவாளி நான்தானே?"

கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவையனும் சிரித்துவிட்டான். அவனுக்கு இது தோன்றவே இல்லை. தவளைகளும் நண்டுகளும் நீர்க்கோழிகளும் ஒவ்வொருவராக வந்து தங்கள் நிலைமையைச் சொன்னார்கள். ஒரு தவளை, காட்டை விட்டுப் போகச் சொன்னால் தலைப்பிரட்டைகளை எதில் எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டது. நீரில் வாழ்பவர்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று முதல் திருத்தம் எழுதப்பட்டது. கவையன் தலையாட்டினான். இரண்டு வரி மூன்றாகிவிட்டதே என்று அவனுக்கு ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருந்தது.

மத்தியானம் மூக்காயி பேசினாள். அவளுக்கு ஏழு குட்டிகள். அதில் ஒன்றை முன்னால் தள்ளி, அதன் காதைத் தூக்கிக் காட்டினாள். காதின் அடியில் உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. உடம்பில் சேறு பூசிக் காயவிட்டால்தான் அவை உதிரும் என்றும், சேறு இல்லாவிட்டால் இந்தக் கோடையைக் குட்டிகள் தாண்டாது என்றும் சொன்னாள்.

கவையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் குட்டிகள் புரண்ட தண்ணீரைக் குடித்துத்தான் என் தங்கை கன்று எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. அது தெரியுமா உனக்கு?"

மூக்காயி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தும்பைதான் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, உங்கள் தோளில் காய்ந்திருப்பது என்ன?"

கவையன் திரும்பிப் பார்த்தான். சேறு. இணை தேடும் காலத்தில் ஆண் மிளாக்கள் சேற்றில் புரளும். அவனும் பத்து நாள் முன்பு இதே மடுவில்தான் புரண்டிருந்தான். கவையனின் காது நுனி வரை சூடேறியது.

"என் மசோதாவை என்னவோ செய்துகொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏறிப் போய்விட்டான்.

அவன் போனது இனியனுக்கு வசதியாகிவிட்டது.

இரண்டாம் நாள் நல்ல வெயில். கல்லப்பனுக்குக் கண் சொருகியது. மூக்காயி நிழலில் சாய்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து இனியன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். பதினோரு வரி. கரையின் அழகு, தண்ணீரின் பெருமை, தாய்மாரின் தியாகம் என்று நீட்டி முழக்கி வாசித்தான். கடைசி வரியை மட்டும் வேகமாக வாசித்தான்.

கல்லப்பன் கொட்டாவி விட்டார். "நல்லதாகத்தான் இருக்கிறது. ஏற்பவர்கள்..."

"கடைசி வரியை இன்னொரு முறை வாசியுங்கள்," என்றாள் தும்பை.

இனியன் சிரித்துக்கொண்டே வாசித்தான். "மடுவுக்கு வரும் தாய்மார் தங்கள் குட்டிகளைக் கரைமேட்டிலேயே விட்டுவிட வேண்டும். அவற்றை இனியன் கவனித்துக்கொள்வான்."

கல்லப்பனின் கண் நன்றாகத் திறந்துகொண்டது.

கவனித்துக்கொள்வது என்றால் என்ன என்று தும்பை கேட்டாள். பாசத்தோடு பார்த்துக்கொள்வதுதான் என்றான் இனியன். குட்டிகள் சேற்றைக் கலக்காது, தாய்மாரும் நிம்மதியாகக் குடிக்கலாம், தனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை என்றான். அவன் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது. மூக்காயியே ஒரு கணம் தடுமாறினாள்.

"அப்படியானால் நான் ஒரே ஒரு வரி சேர்க்கிறேன், அண்ணா," என்றாள் தும்பை. "எத்தனை குட்டியை விட்டுப் போனார்களோ, அத்தனை குட்டியும் திரும்பக் கிடைக்க வேண்டும்."

"அது எப்படி முடியும்?" என்றான் இனியன். "ஒன்றிரண்டு குறையத்தானே செய்யும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மூக்காயி எழுந்து தன் ஏழு குட்டிகளையும் எண்ணிப் பார்த்தாள். திருத்தத்துக்கு ஆதரவு ஒரு வாக்கு, எதிர்ப்பு மூன்று. ஈரமண்ணில் எழுதியிருந்த பதினோரு வரியையும் கல்லப்பன் தன் வயிற்றாலேயே தேய்த்து அழித்தார்.

ஆனால் பெரிய சிக்கல் அப்படியே இருந்தது. குடிக்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும். புரளச் சேறு வேண்டும். மடுவோ ஒன்று. நாளைக்குள் வழி கண்டுபிடிக்காவிட்டால் மசோதா செத்துவிடும். கலங்கிய தண்ணீர்தான் மிஞ்சும். குட்டிகளுக்கும் அதுதான், கன்றுகளுக்கும் அதுதான்.

அன்று சாயங்காலம் மூக்காயி மேடு ஏறிப் போனாள். கவையன் தங்கை கன்றின் அருகில் நின்றிருந்தான். கன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. மூக்காயி அதை முகர்ந்து பார்த்தாள்.

"கவையண்ணே, எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை," என்றாள் மூக்காயி. "இந்தக் கன்று குடிக்க முடியாத தண்ணீர் எனக்கும் வேண்டாம். நாங்கள் எங்கே போய்ப் புரள வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்."

கவையன் கீழே மடுவைப் பார்த்தான். மேட்டிலிருந்து மடு முழுதாகத் தெரிந்தது. வடக்கே பாறை இடுக்கிலிருந்து ஊற்று உள்ளே வருகிறது. தெற்கே கரை தாழ்ந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, வெற்று மண்ணில் ஊறி வீணாகிறது. இத்தனை வருடம் அந்த இடத்தைத் தாண்டித்தான் நடந்திருக்கிறான். நின்று பார்த்ததில்லை.

"அந்த வழிகிற இடத்துக்குக் கீழே ஒரு குழி இருந்தால்..." என்றான் மெதுவாக. பிறகு தன் குளம்புகளைப் பார்த்துக்கொண்டான். "ஆனால் எனக்குத் தோண்டத் தெரியாது."

மூக்காயி சிரித்தாள். "எங்களுக்கு வேறென்ன தெரியும்? நீங்கள் இடத்தைக் காட்டுங்கள், போதும்."

மூன்றாம் நாள் விடிந்ததும் கவையன் கொம்பால் மண்ணில் ஒரு பெரிய வட்டம் கீறினான். மூக்காயியும் அவள் சொந்தபந்தம் இருபது பேரும் மூக்கை மண்ணில் இறக்கினார்கள். மண் பறந்தது. கிழங்கு கிடைத்தபோதெல்லாம் வேலை கொஞ்சம் நின்றது. மத்தியானத்துக்குள் குழி தயார். மடுவில் வழிந்த தண்ணீர் அதில் நிரம்பி, கொழகொழவென்று அருமையான சேறாயிற்று. முதல் குட்டி தலைகுப்புற விழுந்தது. அடுத்த ஆறும் அதன் மேலேயே விழுந்தன.

கடைசித் திருத்தத்தைக் கவையனே கொண்டுவந்தான். குடிப்பதற்கு மேல்மடு, புரள்வதற்குக் கீழ்க்குழி. காட்டை விட்டு வெளியேற்றும் தண்டனையையும் அவனே எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக, மடுவைக் கலக்குபவர் ஒரு நாள் குழியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டும் என்று எழுதினான்.

தும்பை வாயைத் திறந்தாள். "பன்றிகளுக்கு அது தண்டனையா, பரிசா?"

மறுபடியும் ஒரே சிரிப்பு. பன்றிகள் கலக்கினால் ஒரு நாள் முழுக்க ஒன்றையும் தோண்டக் கூடாது என்று இன்னொரு வரி சேர்ந்தது. மூக்காயியின் முகம் வாடியது. அதைப் பார்த்தே அது சரியான தண்டனை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. குழுவில் நான்கு வாக்கும் ஆதரவாகவே விழுந்தன. இனியனும் ஆதரித்தான். அவனுக்கும் தாகம் எடுக்குமே. அவையில் கவையன் புதிய மசோதாவை வாசித்தான். மொத்தம் ஒன்பது வரி. அவன் முதலில் எழுதியதில் 'மருதமடு' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் வாசிக்கும்போது அவன் குரல் முன்பைவிடக் கணீரென்று இருந்தது. அவை அதை ஒருமனதாகச் சட்டமாக்கியது.

நான்கே நாளில் மடு தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. தங்கை கன்று தள்ளாடித் தள்ளாடி வந்து, மூச்சு விடாமல் குடித்து, நிமிர்ந்து ஒரு துள்ளு துள்ளியது. கீழ்க்குழியில் பன்றிக்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி விளையாடின. கவையன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொம்பும் குளம்புமாகக் குழியில் தொப்பென்று விழுந்தான். கரை முழுக்க எழுந்த கூச்சலில் மருத மரத்துப் பறவைகள் எல்லாம் ஒரு முறை பறந்து திரும்பின.

எல்லோருக்குமான சட்டத்தை ஒருவர் மட்டும் எழுதிவிட முடியாது. அந்தச் சட்டத்தால் பாதிக்கப்படுபவர்களும் வந்து திருத்தும்போதுதான் அது நல்ல சட்டமாகிறது.