மரங்கொத்தி கொடுத்த கசப்புத் தண்ணீர்

குளக்கரையில் ஒரு பெரிய அத்தி மரம் இருந்தது. அதன் மேல்கிளைகளில் சடையன் என்ற குரங்கும் அவனுடைய கூட்டமும் குடியிருந்தார்கள். நடுமரத்தில் ஒரு பொந்து. அதில் கொண்டைக்காரி என்ற மரங்கொத்தி இருந்தாள்.

கொண்டைக்காரிதான் அந்தக் காட்டுக்குப் பல் வைத்தியர். ஒரு பல்கூட இல்லாதவள் பல் வைத்தியம் பார்க்கிறாளே என்று கேலி செய்தவர்கள் உண்டு. பல்வலி வருகிற வரைக்கும்தான் அந்தக் கேலி. எந்த மரம் உள்ளே உளுத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும் அலகு அவளுடையது. பல்லையும் அப்படியே தட்டுவாள். நல்ல பல் ‘டக்’ என்னும். சொத்தைப் பல் ‘டொப்’ என்னும்.

மருந்தும் அவளே தயாரித்தாள். வேப்பம்பட்டையையும் கருவேலம்பட்டையையும் கொத்திக் கொண்டுவந்து, குளத்தோரம் ஒரு பாறைக் குழியில் ஊறப்போட்டு வைத்திருந்தாள். வாய்க்குள் இருந்துகொண்டு பல்லை அரிக்கிற கிருமிகளை அந்தத் தண்ணீர் கொல்லும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. முதல் முறை கொப்பளித்தவர்கள் அரைநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிவார்கள்.

ஒருநாள் சடையன் அவளிடம் வந்து வாயைத் திறந்து காட்டினான். கோரைப் பல்லின் அடியில் கடுகளவு கறுப்பு.

அவனுக்கு உள்ளூரப் பயம். குளக்கரை வழியாக மலைக்கோயிலுக்குப் போகிறவர்களின் பின்னால் வரும் நாய்கள் குரங்குகள்மேல் பாயும். சடையன் பாறைமேல் ஏறி நின்று அந்தக் கோரைப் பல்லைக் காட்டினால் போதும், நாய்கள் வந்த வழியே ஓடிவிடும். அந்தப் பல் போனால் அவன் தலைவன் இல்லை.

“இப்பதான் ஆரம்பம். பயப்படாதீங்க,” என்றாள் கொண்டைக்காரி. “ஆலங்குச்சியால நல்லாத் தேயுங்க. அப்புறம் இந்தத் தண்ணிய வாயில விட்டுக் கொப்பளிச்சுத் துப்புங்க. காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கொப்பளிக்கிறப்ப வாயில ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“ஒண்ணும் இருக்காது வைத்தியரம்மா. நான் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்.”

சும்மா சொல்லக் கூடாது, சடையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இரண்டு தடவை சொன்னால் நான்கு தடவை கொப்பளித்தான். அவன் வாயைத் திறந்தாலே வேப்பம்பட்டை வாசனை எதிர்க்கரை வரை வீசியது. தலைவனைப் பார்த்துக் கூட்டம் முழுவதும் கொப்பளிக்கத் தொடங்கியது. பாறைக் குழியை நிரப்பி நிரப்பிக் கொண்டைக்காரிக்கு அலகு தேய்ந்தது.

“உங்களுக்குக் கசக்கவே இல்லையா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“கொஞ்சம்கூடத் தெரியல,” என்றான் சடையன். எவ்வளவு மன உறுதி என்று அவள் வியந்துபோனாள்.

மூன்று மாதம் ஆனது. ஒரு காலையில் சடையன் ஒரு அத்திக்காயைக் கடித்தான். அடுத்த நொடி அவன் போட்ட அலறலில் குளத்துக் கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. கடுகளவு இருந்த கறுப்பு பல்லின் பாதியைத் தின்றிருந்தது.

சடையனின் மனைவி நாச்சி கொதித்துப்போனாள். நேராக மரங்கொத்தியின் பொந்துக்கு இறங்கி வந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

“நாலு வேளையும் கொப்பளிச்ச மனுசனுக்கா இந்தக் கதி? உன் தண்ணியிலதான் ஏதோ விஷம் இருக்கு. எங்க மரத்துல இருந்துகிட்டு எங்க தலைவர் பல்லையே தின்னுட்டியே!”

கொண்டைக்காரி பொந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே, பொரித்துச் சில நாளே ஆன மூன்று குஞ்சுகள் கத்தின. அவை பறக்க இன்னும் இருபது நாள் ஆகும். பொந்தைப் பிய்த்தால் மூன்றும் குளத்தில்தான் விழும்.

“நாச்சி அக்கா, என்னை என்ன வேணா செய்யுங்க. குஞ்சுங்க மேல கை வைக்காதீங்க,” என்றாள்.

அதற்குள் இரண்டு குரங்குகள் பொந்தைச் சுற்றியிருந்த பட்டையைப் பிய்க்கத் தொடங்கிவிட்டன. நல்ல வேளையாகக் கீழே தண்ணீர் குடிக்க வந்த கரடி நிமிர்ந்து பார்த்தது. அந்தக் காட்டில் வழக்கு வந்தால் கரடிதான் தீர்ப்புச் சொல்லும். அது வாய் திறந்தால் புலிகூட எட்டத்தில் நிற்கும்.

“கையை எடுங்கடா,” என்றது கரடி. பட்டையைப் பிய்த்த கைகள் நின்றன. “அந்தத் தண்ணியில விஷம்னு யாரு சொன்னது? நான் பொழுதன்னைக்கும் தேன் குடிக்கிறவன். குடிச்சதும் குச்சியால தேய்ச்சு, அதே தண்ணியிலதான் கொப்பளிக்கிறேன். பாருங்க.”

கரடி வாயைப் பிளந்தது. கொண்டைக்காரி பறந்து போய் வரிசையாகத் தட்டினாள். டக், டக், டக், டக். ஒரு பல்கூடச் சொத்தை இல்லை.

குரங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் இப்படி?” என்றாள் நாச்சி. அவள் குரலில் இருந்த சூடு இன்னும் ஆறவில்லை.

“அதான் எனக்கும் புரியல,” என்றாள் கொண்டைக்காரி. “தலைவரே, ஒரு தடவை காட்டுங்க.”

தாடையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் இறங்கி வந்திருந்த சடையன் முனகிக்கொண்டே வாயைத் திறந்தான். அவள் கோரைப் பல்லைத் தட்டினாள். டொப். பக்கத்துப் பல், டொப். அதற்கும் பக்கத்துப் பல், டொப். அவள் மேலும் தட்டிக்கொண்டே போனாள். மொத்தம் ஐந்து பல் உளுத்திருந்தது. தன் மருந்தின் மேலேயே அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் கவனித்தாள். வலி வலது பக்கம்தான். ஆனால் அவனுடைய இடது கன்னமும் உப்பியிருந்தது.

“இந்தப் பக்கமும் வீங்கியிருக்கே. இங்கயும் வலிக்குதா?”

“அது வீக்கம் இல்ல. கன்னப் பை. கிடைக்கிறதைப் போட்டு வச்சுக்கிற இடம்.”

“அதுல என்ன?”

“கடலை மிட்டாய்,” என்றான் சடையன், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

கொண்டைக்காரி இன்னும் கிட்டே வந்தாள். “எப்ப இருந்து?”

“இது நேத்து கோயிலுக்குப் போறவங்க போட்டது. அந்தப் பக்கத்துல வெல்லக்கட்டி. கரையக் கரைய வேற வச்சுக்குவேன். காலியா இருந்தா எங்களுக்குத் தூக்கம் வராது.”

“கொப்பளிக்கிறப்ப?”

“அப்பவும் அங்கதான் இருக்கும். அதனாலதானே கசப்பே தெரியல!” என்றான் பெருமையாக.

“வாயில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே, தலைவரே.” அவள் அழாத குறை.

சடையன் அவளை வினோதமாகப் பார்த்தான். “வாயில ஏது? இது கன்னம். வாய் வேற, கன்னம் வேற. மென்னாத்தானே வாயில இருக்கிற மாதிரி? இதை நான் இன்னும் சாப்பிடவே இல்லையே.”

சரிதானே என்று கூட்டம் முழுவதும் தலையாட்டியது. நாச்சியும் ஆட்டினாள். இதில் என்ன தப்பு என்று ஒரு குரங்குக்கும் தெரியவில்லை. கரடி திறந்த வாயை மூட மறந்து நின்றது. எத்தனையோ வழக்கு பார்த்த கரடி அது. இப்படி ஒரு பதிலை அது கேட்டதே இல்லை.

கொண்டைக்காரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவளுக்குக் கன்னமும் கிடையாது, பையும் கிடையாது. கன்னத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மூன்று மாதமாகத் தன் தண்ணீர் கிருமியைக் கொன்றுகொண்டிருக்க, இரண்டு அங்குலம் தள்ளி இவன் அதே கிருமிக்கு வெல்லம் போட்டு விருந்து வைத்திருக்கிறான்.

“எல்லாரும் கீழ இறங்கி வந்து கன்னத்தைக் காலி பண்ணுங்க,” என்றது கரடி.

“நாங்க எதுக்கு?” என்றாள் நாச்சி.

“பண்ணு.”

முதலில் நாச்சியின் கன்னத்திலிருந்து பொரி உருண்டை விழுந்தது. பிறகு ஒரு பேரீச்சம்பழம். அப்புறம் ஒவ்வொரு குரங்காக. மிட்டாய், வெல்லம், லட்டுத் துண்டு, பாதி கரைந்த கற்கண்டு. மரத்தடியில் ஒரு பலகாரக் கடையே பரப்பியது போல் ஆகிவிட்டது. எல்லார் வாயிலும் வேப்பம்பட்டை வாசனை வேறு!

கொண்டைக்காரி வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். டொப். டொப். டொப். நாச்சியின் முறை வந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டொப்.

நாச்சி கண்ணைத் திறக்கவே இல்லை. “எனக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

கடைசியாகச் சடையனும் இரண்டு விரலைக் கன்னத்துக்குள் விட்டு மிட்டாயைத் தோண்டினான். ஈறோடு ஒட்டிப்போயிருந்தது. பலமாக இழுத்தான். மிட்டாய் வந்தது. அடுத்து மறு கையால் வலது பக்க வெல்லத்தைப் பிடுங்கியபோது, கோரைப் பல்லும் அதோடு வந்துவிட்டது. தரையில் ‘டொக்’கென்று விழுந்தது.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. நாய்களை விரட்டிய பல், கூட்டத்தைக் காத்த பல், இப்போது ஒரு வெல்லக்கட்டியின் பக்கத்தில் மண்ணில் கிடந்தது.

கரடி தீர்ப்புச் சொன்னது. “பொந்து வைத்தியரம்மாவுக்கு. இனிமே யாரும் அதுகிட்ட போகக் கூடாது. மருந்துல குத்தம் இல்ல. சடையா, நடந்தது நடந்துபோச்சு. கீழ கிடக்கிறதுல எது உன்னோடதோ அதை எடுத்துக்கிட்டுப் போய்ப் படு.”

சடையன் மெல்லக் குனிந்தான். எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள். கை பல்லின் மேலாகப் போனது, ஒரு கணம் நின்றது, பிறகு தள்ளிக் கிடந்த வெல்லக்கட்டியை எடுத்தது. மண்ணை ஊதினான். கன்னத்தில் வைத்துக்கொண்டான். அப்புறம் பாறைக் குழிக்குப் போய், வலி தாங்காமல் கண்ணில் நீர் வழிய, கசப்புத் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தான்.

பல் அங்கேயே கிடந்தது. கொண்டைக்காரி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குஞ்சுகளிடம் பறந்து போனாள்.

கெடுப்பதை விடாமல் உள்ளே அடக்கிக்கொண்டு மருந்தை மட்டும் அள்ளி அள்ளிக் கொப்பளிக்கிறவனுக்கு எந்த மருந்தும் பலிக்காது.