உலகம்மை வீட்டுக் கஞ்சி

மாசிலாமணிப் புலவர் எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்கள் கேட்பது ஒரே பாட்டைத்தான். 'உலகம்மை வீட்டுக் கஞ்சியிலே முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்' என்று தொடங்கும் பாட்டு. ஜமீன்தாரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது அதுதான். கந்தலோடு அரண்மனைக்குள் போனவர் பட்டுச் சால்வையோடு வெளியே வந்ததும் அதனால்தான்.

இப்போதெல்லாம் புலவர் அதைப் பாடுவதில்லை.

சீடன் பூவராகனுக்கு அது பெரிய குறை. முப்பது வயதுக்கு மேல் தறியை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தவன் அவன். வந்ததே அந்தப் பாட்டில் மயங்கித்தான்.

"ஐயா, உங்களை உயர்த்திய பாட்டு. அதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?"

"நாளைக்கு ஓர் ஊருக்குப் போவோம், வா."

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு கூரை வீட்டின் முன் நின்றார்கள். சால்வையை மூட்டைக்குள் திணித்துவிட்டு, "தாயே, பசிக்கிறது" என்று குரல் கொடுத்தார் புலவர்.

தலை நரைத்த பெண் ஒருத்தி வெளியே வந்தாள். அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இருவரையும் உட்கார வைத்துச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். ஊற்றுவதற்கு முன் அகப்பையில் அள்ளி, அவர்கள் கண்ணெதிரே மெல்லச் சரித்தாள். கஞ்சி கட்டியாக விழுந்தது.

"பாத்துக்கிடுங்க சாமி. கெட்டியாத்தான் இருக்கு."

"நாங்கள் ஒன்றும் கேட்கவில்லையே, அம்மா" என்றான் பூவராகன்.

"கேக்காண்டாம். எம் பேரு உலகம்மை."

பூவராகன் புலவரைத் திரும்பிப் பார்த்தான்.

"பஞ்ச வருசம்" என்றாள் அவள். "வாசல்ல ஒருத்தன் பசி மயக்கத்துல கெடந்தான். வீட்டுல ஒரு பிடி அரிசிதான். தண்ணிய விட்டுப் பெருக்கி, பிள்ளைகளுக்கும் அவனுக்கும் ஊத்துனேன். குடிச்சிட்டுப் போயி பாட்டுக் கட்டிட்டான். எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவங்களும் அதப் பாடிச் சிரிச்சிட்டுத்தான் போனாங்க."

"அவனைச் சபித்தாயா?" என்று கேட்டார் புலவர்.

"ஏன் சாமி? பசியில வந்தவன்தான."

புலவர் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எழுந்து கைகூப்பினார். விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

ஊர் எல்லையில் பூவராகன் அவரை எட்டிப் பிடித்தான்.

"ஐயா, அந்த அம்மாளைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினால் போதாதா? பழசை ஜனங்கள் மறந்துவிடுவார்களே!"

"பதினோரு பாட்டுப் பாடிவிட்டேன், பூவராகா. ஐந்து உன் முன்னால்தான் பாடினேன். ஏதாவது ஒரு வரி சொல், கேட்போம்."

எவ்வளவு யோசித்தும் பூவராகன் நாக்கில் வந்து நின்றது 'உலகம்மை வீட்டுக் கஞ்சியிலே' என்ற வரிதான்.